உட்கருவின் வாயிற்காவல்

பழைய நகரங்களின் வரலாற்றைப் படிக்கும்போது, அகழியும் மதிலும் சூழ்ந்த கோட்டைகளைப் பற்றி அறிகிறோம். அம்மதில்களில் வாயில்கள் உண்டு. வாயில்தோறும் காவலர் உண்டு. அரசனுடைய முத்திரையைக் காட்டியவன் உள்ளே விடப்படுவான். காட்டாதவன் எத்துணை வலியவனாயினும் வெளியே நிற்க வேண்டியதுதான். இத்தகைய கோட்டை ஒன்று நம் உடலின் உயிரணுக்களில், செங்குருதி அணுக்கள் போன்ற சிலவற்றை ஒழித்து, ஏனைய எல்லாவற்றிலும் உண்டு. அதற்கு உட்கரு என்று பெயர். நியூக்ளியஸ் என்று வழங்கும் சொல்லும் இதனையே குறிக்கும். தலைமுறை தலைமுறையாக வரும் பரம்பரைச் செய்தி ஏறத்தாழ முழுவதும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழைகளில் பொறிக்கப்பட்டு இக்கோட்டைக்குள்ளேதான் காக்கப்படுகிறது.

ஆனால் இக்கோட்டைக்கு ஒரு குறை உண்டு. தனக்கு வேண்டிய புரதம் எதனையும் அது தானே செய்துகொள்ள இயலாது. புரதங்களைச் செய்யும் தொழிற்கூடங்களாகிய ரைபோசோம்கள் மதிலுக்கு வெளியே, சைட்டோபிளாசம் என்னும் கூழ்மப் பகுதியில் வேலை செய்கின்றன. டி.என்.ஏ. இழையைச் சுற்றி வைப்பதற்கான ஹிஸ்டோன் புரதங்கள், அவ்விழையைப் படியெடுக்கும் நொதிகள், எந்தச் செய்தியை எப்போது படிக்கவேண்டும் என்று ஆணையிடும் கட்டுப்பாட்டுப் புரதங்கள் ஆகிய அனைத்தும் வெளியே உருவாகி உள்ளே வந்து சேரவேண்டும். தன் டி.என்.ஏ.வை இரட்டித்துக் கொண்டிருக்கும் ஓர் உயிரணுவுக்கு, 3 நிமிடங்களுக்கு ஒரு முறை ஏறத்தாழ 10 லட்சம் ஹிஸ்டோன் மூலக்கூறுகள் தேவைப்படுகின்றன என்று பாடநூல்கள் கணக்கிட்டுக் காட்டுகின்றன. சைட்டோபிளாசத்தில் மிதக்கும் எண்ணற்ற வகைப் புரதங்களுள், உட்கருவுக்கு உரியவை மட்டும் அங்கே சென்று சேர்வது எங்ஙனம்? மற்றவை வெளியே நிற்பது எதனால்? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறே இப்பேச்சின் பொருள்.

உட்கருவுக்குப் பெயர் சூட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டுத் தாவர அறிஞர் ராபர்ட் பிரவுன். 1831-இல், ஆர்க்கிடு மலர்ச்செடிகளின் உயிரணுக்களை நுண்ணோக்கியின் வழியே ஆராய்ந்தபோது, ஒவ்வோர் அணுவிலும் வட்டமான ஒரு பகுதி தவறாது காணப்படுவதை அவர் எடுத்துரைத்தார். அதன் பணி யாது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1930-களில் ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் ஹெம்மர்லிங், அசெட்டாபுலேரியா என்னும் கடற்பாசியைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். இப்பாசி சில சென்டிமீட்டர் உயரம் வளர்ந்தாலும் ஒரே உயிரணுவால் ஆனது. அதன் அடியில் உட்கருவும் உச்சியில் குடை போன்ற தொப்பியும் இருக்கும். ஓர் இனத்தின் தண்டை மற்றோர் இனத்தின் உட்கருவுள்ள அடிப்பகுதியோடு அவர் ஒட்டினார். முடிவில் முளைத்த தொப்பி, தண்டு எந்த இனத்தைச் சேர்ந்ததோ அதனுடையதாக இல்லை. உட்கரு எந்த இனத்தைச் சேர்ந்ததோ அதனுடையதாகவே இருந்தது. உட்கருவிலிருந்து ஆணைகள் வெளியே செல்கின்றன என்பது இதனால் விளங்கிற்று.

ஆணைகள் வெளியே செல்வது ஒரு திசை. பொருள்கள் உள்ளே வருவது மற்றொரு திசை. 1967-இல் ராபின்ஸ், போரன் என்னும் இருவர், மனித உயிரணுக்களில் ஹிஸ்டோன் புரதங்கள் உட்கருவுக்கு வெளியேதான் உருவாகின்றன என்று காட்டினர். டி.என்.ஏ.வோடு இத்துணை நெருங்கி வாழும் புரதமே வெளியிலிருந்து வருவதாயின், வரும் வழி ஒன்று இருந்தே ஆகவேண்டும் அன்றோ?

அவ்வழி அதற்கு முன்பே கண்ணில் பட்டிருந்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆராய்ச்சிக் கூடங்களில் புதிதாகப் பயன்படத் தொடங்கிய காலம் அது. 1950-இல் காலன், டாம்லின் என்னும் இரு பிரிட்டிஷ் அறிஞர்கள், தவளை முதலிய நீர்நில வாழ்விகளின் முட்டையணுவிலிருந்து உட்கருவின் உறையைப் பிரித்தெடுத்து அந்நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தனர். உறை இரண்டு அடுக்குகளால் ஆனது என்றும், அதில் துளைகள் ஒழுங்காக அமைந்துள்ளன என்றும் கண்டனர். அத்துளைகள் வெறும் ஓட்டைகள் அல்ல, தமக்கென ஒரு கட்டமைப்பு உடையவை என்பதை மைக்கேல் வாட்சன் 1950-களில் விளக்கிக் காட்டினார். 1967-இல் ஜோசப் கால் என்னும் அமெரிக்க அறிஞர், ஒவ்வொரு துளையின் விளிம்பும் எண்கோண வடிவினது என்று நிறுவினார். எட்டிதழ்த் தாமரையை மேலிருந்து நோக்கினாற்போன்ற தோற்றம் அது. பாலூட்டி ஒன்றின் உட்கருவில் இத்தகைய வாயில்கள் ஏறத்தாழ 3,000 முதல் 4,000 வரை இருக்கின்றன.

வாயில் கண்ணில் பட்டுவிட்டது. ஆயினும் வாயிலைக் கண்டது வேறு. அதன் வழியே யார் செல்கின்றனர் என்று கண்டது வேறு. 1962-இல் கார்ல் பெல்டர் என்னும் அமெரிக்க அறிஞர், அமீபாவின் சைட்டோபிளாசத்தினுள் மிக நுண்ணிய பொன் துகள்களைச் செலுத்தினார். பொன் எலெக்ட்ரான்களைத் தடுப்பதால் படத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். அக்கரும்புள்ளிகள் துளைகளின் நடுவே வரிசையாக நின்றதைப் படங்கள் காட்டின. துளையே வழி என்பது இதனால் உறுதிப்பட்டது. சிறிய துகள்கள் உள்ளே சென்றன; பெரியவை வெளியே தங்கின. 1975-இல் பெயின், மூர், ஹாரோவிட்ஸ் ஆகிய மூவர், பல அளவுள்ள சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறுகளைத் தவளை முட்டையணுவில் செலுத்தி அளந்தனர். தானாகப் பரவிச் செல்லும் பொருள்களுக்குத் திறந்திருக்கும் வழியின் குறுக்களவு ஏறத்தாழ 9 நானோமீட்டர் என்று கணக்கிட்டனர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. சிறு புரதங்கள் அவ்வழியே மெல்ல நுழையலாம். ஆனால் உட்கருவுக்குள் வாழும் புரதங்களுள் பல அதைவிடப் பெரியவை. அவை எவ்வாறு உள்ளே சென்றன?

இந்த இடத்தில் அறிஞரிடையே இரண்டு கருத்துகள் நிலவின. அவற்றின் வேறுபாட்டை மாணவர்கள் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். இவ்வரலாற்றின் உயிர்நிலை அதுவே. முதற்கருத்தின்படி உட்கரு ஓர் ஊர்ச்சந்தை போன்றது. யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம். உள்ளே கொள்வினை உள்ளவர் தங்கிவிடுவர். இல்லாதவர் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியேறிவிடுவர். அதாவது, புரதங்கள் எல்லாம் பரவி உள்ளே செல்கின்றன, டி.என்.ஏ. முதலியவற்றோடு ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையவை மட்டும் அங்கே நின்றுவிடுகின்றன. இரண்டாம் கருத்தின்படி உட்கரு முன்னர்ச் சொன்ன கோட்டை போன்றது. தேர்வு வாயிலிலேயே நடந்துவிடுகிறது. உரிமை உடையவை மட்டுமே உள்ளே விடப்படுகின்றன. இரண்டு கருத்துகளிலும் முடிவு ஒன்றுதான்: உள்ளே பார்த்தால் உட்கருவுக்குரிய புரதங்களே நிறைந்திருக்கும். முடிவைக் கண்டு காரணத்தைத் துணிய இயலாது. இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று தேவைப்பட்டது.

அதற்கு அடிகோலிய சோதனைகள் சில உண்டு. 1958-இல் லெஸ்டர் கோல்டுஸ்டைன், கதிரியக்கக் குறியிட்ட புரதங்கள் கொண்ட உட்கரு ஒன்றை ஓர் அமீபாவிலிருந்து எடுத்து, குறியிடப்படாத மற்றோர் அமீபாவினுள் பொருத்தினார். சிறிது காலம் சென்றபின், அந்த அமீபாவின் சொந்த உட்கருவிலும் கதிரியக்கம் சேர்ந்திருந்தது. இடையிலுள்ள சைட்டோபிளாசத்திலோ மிகக் குறைவாகவே இருந்தது. ஓர் உட்கருவிலிருந்து வெளியேறிய புரதங்கள் வழியில் தங்காமல் மற்றோர் உட்கருவைத் தேடிப் போய்ச் சேர்ந்தன என்பது இதன் பொருள்.

பின்னர் ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டையணு இவ்வாராய்ச்சிக்குப் பெருந்துணை செய்தது. அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டம் உடையது. அதன் உட்கருவே வெறுங்கண்ணுக்குத் தெரியும். மெல்லிய கண்ணாடி ஊசியால் புரதத்தைச் செலுத்தலாம். பிறகு உட்கருவைக் கையாலேயே பிரித்தெடுத்து, உள்ளே எவ்வளவு சென்றது, வெளியே எவ்வளவு நின்றது என்று அளக்கலாம். 1970-இல் ஜான் குர்டன் இம்முறையில் ஹிஸ்டோன்கள் உட்கருவில் செறிவதைக் காட்டினார். 1975-இல் வெர்னர் பானர், உட்கருப் புரதங்கள் உள்ளே சேர்வதையும், மாட்டுக் குருதியின் ஆல்புமின் போன்ற அயற்புரதங்கள் வெளியே நின்றுவிடுவதையும் விரிவாக ஆராய்ந்தார். 1978-இல் டி ராபர்டிஸ், லாங்தார்ன், குர்டன் ஆகியோர், உட்கருவுக்குச் செல்லவேண்டிய புரதங்கள் அதற்கான அடையாளத்தைத் தம் மூலக்கூற்று அமைப்பிலேயே தாங்கியுள்ளன என்ற கருத்தை வெளியிட்டனர். கருத்து வந்துவிட்டது, சான்று வரவேண்டியிருந்தது.

சான்று 1982-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. காலின் டிங்வால், ஷார்னிக், ரான் லாஸ்கி ஆகிய மூவர், நியூக்ளியோபிளாஸ்மின் என்னும் புரதத்தை எடுத்துக்கொண்டனர். நகத்தவளை முட்டையணுவின் உட்கருவில் மிக நிறைந்திருக்கும் புரதம் அது. ஒரே வகையான ஐந்து அலகுகள் கூடி அது அமைகிறது. ஒவ்வோர் அலகுக்கும் ஒரு வால் உண்டு. ஐந்தின் நடுப்பகுதிகளும் ஒன்றுகூடி உறுதியான ஓர் உடலாக நிற்கும். புரதத்தைச் செரிக்கும் நொதி ஒன்றை அளவோடு சேர்த்தால், வால்கள் மட்டும் அறுபடும். உடல் சிதையாது நிற்கும். இவ்வாறு முழுப் புரதம், வாலற்ற உடல், தனி வால் என மூன்று பொருள்கள் அவர்கள் கைக்கு வந்தன.

முழுப் புரதத்தைச் சைட்டோபிளாசத்தில் செலுத்தினர். அது உட்கருவுக்குள் சென்று செறிந்தது. தனி வாலைச் செலுத்தினர். அதுவும் உள்ளே சென்றது. வாலற்ற உடலைச் செலுத்தினர். அது வெளியிலேயே நின்றது. அடுத்து, அவ்வாலற்ற உடலை நேரே உட்கருவினுள்ளேயே செலுத்திப் பார்த்தனர். அது அங்கேயே தங்கிவிட்டது, வெளியே வரவில்லை. இந்தக் கடைசிச் சோதனையில்தான் வழக்கின் தீர்ப்பு இருக்கிறது. உட்கருவுக்குள் தங்குவதற்கு வால் வேண்டியதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. ஆகவே வாலின் பணி உள்ளே பிடித்து வைப்பது அன்று. உள்ளே நுழைவிப்பதே ஆகும். சந்தைக் கருத்து வீழ்ந்தது. கோட்டைக் கருத்து நின்றது. ஐந்து வால்களுள் நான்கை அறுத்து ஒன்றை மட்டும் விட்டாலும், புரதம் முழுவதும் உள்ளே சென்றது. வால்கள் மிகுதியாக இருந்தபோது விரைவும் மிகுந்தது.

இரண்டாண்டுகள் சென்று, 1984-இல் பெல்டரும் அவருடைய துணைவர்களும் பழைய பொன் துகள் முறைக்கே திரும்பினர். இம்முறை பொன் துகள்களின் மேல் நியூக்ளியோபிளாஸ்மினைப் பூசினர். 20 நானோமீட்டர் வரை குறுக்களவுடைய துகள்களும் துளையின் நடுவழியே உட்கருவினுள் சென்றன. 9 நானோமீட்டருக்கு மேற்பட்டவை தாமாக நுழைய இயலாத வாயில், அடையாளம் காட்டியவுடன் அதனைப்போல் இரு மடங்குக்கு மேல் அகன்று வழிவிட்டது.

இனி அந்த அடையாளம் யாது என்று அறியவேண்டும். அதனை அறிவித்தது ஒரு குரங்கு வைரசு. எஸ்.வி. 40 என்னும் இவ்வைரசு, குரங்கின் சிறுநீரக அணுக்களில் 1960-இல் கண்டறியப்பட்டது. இது செய்விக்கும் பெரிய டி என்னும் புரதம் 708 அமினோ அமிலங்களால் ஆனது. வைரசின் டி.என்.ஏ. பெருகுவதற்காக அது உட்கருவினுள் சென்றாக வேண்டும். 1984-இல் லண்டனை அடுத்த மில் ஹில்லில் டேனியல் கால்டரான், ஆலன் ஸ்மித் ஆகியோர் அடங்கிய குழுவினர், இப்புரதத்தின் 128-ஆவது இடத்திலுள்ள லைசின் என்னும் ஒரே அமினோ அமிலத்தை மாற்றினர். புரதத்தின் மற்ற 707 இடங்களும் மாறாதிருந்தும், அது உட்கருவுக்குச் செல்லாமல் சைட்டோபிளாசத்திலேயே தேங்கிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவில் லான்ஃபோர்டு, பூட்டெல் என்னும் இருவரும் தனியே ஆராய்ந்து இதே முடிவை வெளியிட்டனர்.

மில் ஹில் குழுவினர் மேலும் சென்று, தேவையான பகுதியின் எல்லையைக் குறுக்கிக்கொண்டே வந்தனர். முடிவில் ஏழு அமினோ அமிலங்கள் எஞ்சின: ஒரு புரோலின், மூன்று லைசின்கள், ஓர் ஆர்ஜினின், மற்றொரு லைசின், ஒரு வாலின். இவ்வேழனுள் ஐந்து நேர்மின்னூட்டம் உடையவை. இவ்வேழையும், சைட்டோபிளாசத்திலேயே வாழும் பைருவேட் கைனேஸ் என்னும் நொதியோடு இணைத்தனர். உட்கருவுக்குள் ஒரு வேலையும் இல்லாத அந்நொதி, முத்திரையைப் பெற்றவுடன் உட்கருவினுள் சென்று அமர்ந்துவிட்டது. முத்திரை இல்லையேல் உரியவனுக்கும் இடமில்லை; முத்திரை இருந்தால் அயலானுக்கும் தடையில்லை. ஒரு காரணத்தை ஐயமற நிறுவுவதற்கு இவ்விரு முனைச் சோதனையே சிறந்த வழி என்பதை மாணவர்கள் கருதுவார்களாக.

நியூக்ளியோபிளாஸ்மினின் முத்திரை சற்று வேறானது. அதில் நேர்மின்னூட்டமுள்ள அமினோ அமிலங்கள் இரண்டு சிறு கூட்டங்களாகப் பிரிந்து, இடையே ஒரு வெளியோடு அமைந்துள்ளன என்று 1991-இல் டிங்வால், லாஸ்கி குழுவினர் தெளிவுறுத்தினர். இம்முத்திரைகளுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. உயிரணுவிலிருந்து வெளியே சுரக்கப்படும் புரதங்களிலும் ஒரு முகவரிச் சீட்டு உண்டு. அது வழியிலேயே பெரும்பாலும் வெட்டி எறியப்படும். உட்கரு முத்திரை அவ்வாறு வெட்டப்படுவதில்லை. காரணம் எளிதில் விளங்கும். நம் உயிரணு பிளவுபடும்போதெல்லாம் உட்கருவின் உறை கலைந்து, உள்ளிருந்த புரதங்கள் சைட்டோபிளாசத்தில் கலந்துவிடுகின்றன. புதிய உறை அமைந்தபின் அவை மீண்டும் உள்ளே செல்லவேண்டும். ஒரே முறை பயன்படும் சீட்டு அங்கே உதவாது.

புரதங்கள் தம் முகவரியைத் தம்முள்ளேயே தாங்கியுள்ளன என்ற பொதுக்கொள்கையைச் சுரப்புப் புரதங்களைக் கொண்டு வகுத்தவர் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குந்தர் புளோபல். 1971-இல் டேவிட் சபாட்டினியோடு சேர்ந்து அவர் இக்கருத்தை முன்மொழிந்தார். 1975-இல் சான்றுகளோடு நிறுவினார். அதற்காக 1999-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசுத் தொகையின் பெரும்பகுதியை, இரண்டாம் உலகப் போரில் அழிந்த டிரெஸ்டன் நகரத் தேவாலயத்தின் மறுகட்டுமானம் முதலிய பணிகளுக்கு அவர் அளித்துவிட்டார்.

முத்திரை இன்னதென்று தெரிந்தது. அதனைப் படித்துப் பார்ப்பவர் யார்? இதற்கு உயிரணுவைப் பிரித்துப் பார்க்கவேண்டியிருந்தது. 1988-இல் கேம்பிரிட்ஜிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள், நுழைவு இரண்டு படிகளில் நிகழ்கிறது என்று காட்டின. முதலிற் புரதம் துளையின் வாயிலில் விரைந்து வந்து பற்றுகிறது. இதற்கு ஆற்றல் தேவையில்லை. பின்னர்த் துளையைக் கடக்கிறது. ஆற்றல் இல்லையேல் இப்படி நிகழாது. 1990-இல் லாரி ஜெரேஸ், ஸ்டீபன் ஆடம் ஆகியோர் ஓர் எளிய உபாயம் கண்டனர். டிஜிட்டோனின் என்பது டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து கிடைக்கும் பொருள். கொலஸ்டிரால் மிகுந்த சவ்வுகளை அது துளைக்கும். உயிரணுவின் புறச்சவ்வில் கொலஸ்டிரால் மிகுதி. உட்கருவின் உறையில் குறைவு. ஆகவே டிஜிட்டோனினை அளவோடு சேர்த்தால், புறச்சவ்வு துளைபட்டுச் சைட்டோபிளாசத்தின் நீர்ப்பகுதி வடிந்துவிடும். உட்கரு பழுதின்றி நிற்கும். அந்நிலையில் முத்திரை உள்ள புரதமும் உள்ளே செல்வதில்லை. வடிந்த நீரைத் திரும்பச் சேர்த்தால் செல்கிறது. அப்படியானால் காவலரின் துணைவர்கள் அந்நீரில்தான் இருக்கவேண்டும். அந்நீரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று தேடுவதே அடுத்த பணியாயிற்று.

தேடல் விரைவில் பயன் தந்தது. 1994-இல் டிர்க் கோர்லிக், லாஸ்கி முதலியோர், நகத்தவளை முட்டைச் சாற்றிலிருந்து ஒரு புரதத்தைத் தனித்தெடுத்து அதற்கு இம்போர்ட்டின் என்று பெயரிட்டனர். அது இரு கூறுகளால் ஆனது என்பது அடுத்த ஆண்டில் தெளிவாயிற்று. நியூயார்க்கில் புளோபலின் குழுவும், ஜப்பானில் யோனெடாவின் குழுவும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே புரதங்களை வேறு பெயர்களால் கண்டறிந்தன. ஆல்பா என்னும் கூறு முத்திரையைப் படிக்கிறது. பீட்டா என்னும் கூறு சுமையைத் துளையின் வழியே தாங்கிச் செல்கிறது. முன்னது ஓலையைப் படித்துப் பார்க்கும் கணக்கர் என்றால், பின்னது பல்லக்குத் தூக்குவோர் எனலாம். சில புரதங்களைக் கணக்கரின் துணையின்றிப் பல்லக்குத் தூக்குவோரே நேராக அடையாளங்கண்டு ஏற்றிச் செல்வதும் உண்டு.

இன்னும் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. சுமந்து சென்றவர் உட்கருவினுள் அதனை இறக்கி வைக்கவேண்டும்; வெளியே இறக்கிவிடக் கூடாது. தாம் இருக்கும் இடம் உள்ளா வெளியா என்று அவர் அறிவது எவ்வாறு? இதற்கு விடையளித்தது ரான் என்னும் சிறு புரதம். அறிஞர் ரான் லாஸ்கியின் பெயரும் இதுவும் ஒன்றுபோல ஒலிப்பது தற்செயலே. 1993-இல் மூர், புளோபல் ஆகியோரும், மெல்கியோர், ஜெரேஸ் முதலியோரும், நுழைவுக்கு ரான் இன்றியமையாதது என்று தனித்தனியே கண்டனர். ரான், குவானோசின் என்னும் பொருளைத் தாங்கி நிற்பது. அக்குவானோசின் சில வேளை மூன்று பாஸ்பேட்டுகளும், சில வேளை இரண்டு பாஸ்பேட்டுகளும் கொண்டிருக்கும். முன்னதை மும்மை நிலை என்றும், பின்னதை இருமை நிலை என்றும் இங்கே வழங்குவோம். ரானை மும்மை நிலைக்கு ஏற்றும் புரதம் உட்கருவினுள் டி.என்.ஏ.வை ஒட்டியே அமர்ந்துள்ளது. 1991-இல் ஹைடல்பெர்க் நகரில் பிஷாப், பான்ஸ்டிங்கல் என்போர் அதன் இப்பணியைக் கண்டறிந்தனர். இருமை நிலைக்கு இறக்கும் புரதமோ வெளியே, சைட்டோபிளாசத்தில் உள்ளது. ஆகவே உள்ளே மும்மை ரான் நிறைந்திருக்கும். வெளியே இருமை ரான் நிறைந்திருக்கும். சுமையோடு உள்ளே வந்த இம்போர்ட்டினை மும்மை ரான் பற்றிக்கொள்கிறது, சுமை விழுகிறது. பின்னர் ரானும் இம்போர்ட்டினும் சேர்ந்து வெளியேறுகின்றன. வெளியே ரான் இருமை நிலைக்கு மாறியதும், இம்போர்ட்டின் விடுதலை பெற்று அடுத்த சுமைக்கு ஆயத்தமாகிறது. நுழைவுக்கு வேண்டிய ஆற்றல் செலவாகும் இடமும் இதுவே.

வெளியேறும் புரதங்களுக்கும் தனி முத்திரை உண்டு என்று 1995-இல் தெரியவந்தது. அவற்றைச் சுமப்போர் மும்மை ரானோடு சேர்ந்தால்தான் சுமையை ஏற்பர். எனவே உள்ளே ஏற்றி வெளியே இறக்குவர். திசையைத் தீர்மானிப்பது துளை அன்று. ரானின் ஏற்றத்தாழ்வே என்ற கொள்கை இவ்வாறு உருவாயிற்று. அதனைச் சோதித்தவர்கள் நாச்சுரி, வைஸ் என்னும் இருவர். 1999-இல் அவர்கள் சைட்டோபிளாசத்தின் பக்கம் மும்மை ரானை மிகுதியாகச் சேர்த்தனர். வெளியேறும் முத்திரை பெற்ற புரதம், முறை மாறி, உள்ளே புகுந்தது. ஆற்றோட்டத்தைத் திருப்பினால் ஓடம் எதிர்த்திசையிற் செல்வது போன்றது இது. வாயில் ஒன்றே, போவதும் வருவதும் இருபுறத்து நிலையைப் பொறுத்தவை.

வாயிலின் அமைப்பைப் பற்றியும் ஒரு சொல். மனித உயிரணுவின் ஒரு துளைக்கட்டு, ஏறத்தாழ 30 வகைப் புரதங்களின் சுமார் ஆயிரம் பிரதிகளால் ஆகிய பேரமைப்பு. அதன் நடுவே, ஒழுங்கான வடிவம் ஏதுமற்ற புரத இழைகள் நீட்டிக்கொண்டு அடர்ந்து கிடக்கின்றன. சாதாரணப் பெரும் புரதங்களுக்கு அவை முட்புதர் போன்ற தடை. இம்போர்ட்டினோ அவ்விழைகளை மெல்லப் பற்றியும் விட்டும் கடந்து சென்றுவிடும். ஒரு துளையின் வழியே ஒரு நொடியில் ஆயிரம் வரை கடவைகள் நிகழக்கூடும் என 2001-இல் ரிப்பெக், கோர்லிக் என்போர் கணக்கிட்டனர். மிகு குளிரூட்டிய எலெக்ட்ரான் நுண்ணோக்கியும், கணிப்பொறி கொண்டு புரத வடிவங்களை முன்னறியும் முறையும் சேர்ந்து, 2022-இல் இப்பேரமைப்பின் சட்டகத்தைப் பெரும்பாலும் தெளிவுபடுத்தின. நடுவிலுள்ள இழைகள் கூழ்போல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றனவா, தூரிகை மயிர்போல் தனித்து அசைகின்றனவா என்ற வழக்கு மட்டும் இன்னும் முற்றுப்பெறவில்லை.

இவ்வளவும் அறிஞரின் ஆராய்ச்சிக் கூடத்தோடு நின்றுவிடும் செய்திகளோ எனில், இல்லை. ஏ.எல்.எஸ். என்பது இயக்க நரம்புகள் நலிந்து, தசைகள் சோர்ந்து, இறுதியில் மூச்சும் தளரும் கொடிய நோய். எஃப்.யூ.எஸ். என்னும் புரதத்தில் நேரும் மாறுதல்கள் இந்நோயைப் பரம்பரையாகச் சிலருக்கு உண்டாக்குகின்றன என்று 2009-இல் கண்டறிந்தனர். அம்மாறுதல்களுட் பல, அப்புரதத்தின் உட்கரு முத்திரையிலேயே அமைந்தவை. முத்திரை சிதைந்தால் புரதம் உள்ளே செல்லாது வெளியே தேங்குகிறது. சிதைவு மிகுதியான இடத்தில் நோய் இளமையிலேயே தாக்குகிறது. மில் ஹில்லில் ஒரு லைசினை மாற்றியபோது கண்ணாடித் தட்டில் நிகழ்ந்தது, இங்கே ஒரு மனிதனின் வாழ்விலே நிகழ்கிறது. எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி., தன் கூம்பு வடிவக் கூட்டோடு இத்துளையின் வழியே உட்கருவினுள் நுழையவல்லது என்று 2021-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் படம் பிடித்துக் காட்டினர். உட்கருவிலிருந்து புரதங்களை வெளியேற்றும் சுமைதாங்கி ஒன்றைத் தடுக்கும் செலினெக்சர் என்னும் மருந்து, எலும்பு மச்சையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்காக 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

1831-இல் ஒரு தாவர அறிஞர் ஆர்க்கிடு இலையில் கண்ட வட்டம், 1950-இல் துளையுள்ள உறையாயிற்று. 1982-இல் காவலுள்ள வாயிலாயிற்று. 1984-இல் அதன் முத்திரை படிக்கப்பட்டது. அதன் பின் பத்தாண்டுகளில் முத்திரையைப் படிப்பவரும் சுமப்பவரும் திசை காட்டுபவரும் ஒருவர்பின் ஒருவராக வெளிப்பட்டனர். இவ்வரலாற்றில் கருவிகளின் பங்கு பெரிது. ஆயினும் வழக்கைத் தீர்த்தது கருவி அன்று. அமீபா, தவளை முட்டை, கண்ணாடி ஊசி, சிறிது பொன் துகள் ஆகிய எளிய பொருள்களைக் கொண்டு, இரண்டு கருத்துகளும் வேறுபடும் இடம் எது என்று தேடி, அவ்விடத்திலேயே வினாவை எழுப்பிய அறிவுதான் அதனைத் தீர்த்தது. வாலற்ற புரதத்தை உட்கருவினுள்ளேயே செலுத்திப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிராவிடின், சந்தையா கோட்டையா என்ற வினா இன்னும் பல ஆண்டுகள் நீடித்திருக்கக்கூடும். துளையின் நடுவே கிடக்கும் இழைகளின் வழக்கும் அத்தகையதொரு சோதனைக்காகவே காத்திருக்கிறது. அதனைச் செய்யப்போகும் மாணவர் இன்று எந்த வகுப்பில் படித்துக்கொண்டிருக்கிறாரோ, யார் அறிவார்!